உருளும் அளவுகோல்

சென்ற விடுமுறையில் மாணாக்கர் சிலரோடு காயல்பட்டினம் சென்றிருந்த யாம், ஆங்கு நண்பரொருவர் இல்லத்தில் தச்சர் ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கக் கண்டோம். அது பழைய வீடு. கூடத்துத் தூண்கள் உருண்டு திரண்டவை. தூணொன்றைச் சுற்றிப் பித்தளைப் பட்டை பதிக்கவேண்டி அதன் சுற்றளவை அறிய முற்பட்ட தச்சர், நாடாவை எடாது, உள்ளங்கையில் அடங்கும் சிறு கருவியொன்றைச் சட்டைப் பையினின்றும் எடுத்தார். அதன் அடியில் ரப்பர் விளிம்புடைய ஒரு சிறு சக்கரம். மேலே எண் காட்டும் ஒரு சாளரம். தூணில் ஒரு கோடு கிழித்து, கோட்டிற் சக்கரத்தைப் பொருத்தி, ஒரு பொத்தானை அழுத்தி எண்ணைச் சுழியாக்கி, தூணைச் சுற்றி உருட்டி வந்து மீண்டும் அக்கோட்டில் நிறுத்தினார். சாளரத்தில் 942 என்று மில்லிமீட்டர்க் கணக்குத் தோன்றிற்று. மும்முறை உருட்டியும் அவ்வெண்ணே வந்தது. “ஐயா, மனிதன் கை தவறும், இது பொய் சொல்லாது” என்றார் அவர்.

அன்று மாலையே அக்கூற்றைச் சோதிக்கும் வாய்ப்பும் நேர்ந்தது. சாலை வேலை செய்வோரிடம் இரவல் பெற்ற நெடிய பிடியுள்ள அளவுச் சக்கரம் ஒன்று எம்மிடம் இருந்தது. தச்சரது கருவிக்கு அது தமையன் முறை. உள்ளே மின்னணு முறையில் எண்ணுவதே. கடற்கரையில் அலை வந்து மீளும் ஈரக் கோட்டினின்றும் மேற்கே ஒரு வேலி வரைக்கும் மாணாக்கர் ஒருவர் அதனைத் தள்ளிச் சென்றார். போகையில் 203 மீட்டர் காட்டிற்று, மீள்கையில் 198. பின்னர் நாடாவை இழுத்துப் பிடித்து அளந்தபோது 200 மீட்டருக்குச் சற்றே குறைவாயிருந்தது. கருவி பொய் சொல்லவில்லை என்பதில் இப்போதும் எமக்கு ஐயமில்லை. ஆயினும், அது எதனைப் பற்றி மெய் சொல்லுகிறது என்பதை நாம் சரியாகக் கேட்டறிந்தோமா என்பதே வினா. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உருட்டி அளக்கும் முறையின் தத்துவம் சிறுவர்க்கும் விளங்குவது. சக்கரம் வழுக்காது ஒருமுறை உருண்டால் தன் சுற்றளவுக்குச் சமமான தூரம் செல்லும். எத்தனை முறை உருண்டது என எண்ணிச் சுற்றளவாற் பெருக்கினால் தூரம் கிடைக்கும். கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த விட்ருவியஸ் என்னும் ரோமானியச் சிற்பி, கட்டடக்கலை பற்றிய தம் நூலின் பத்தாம் பகுதியில் இத்தகைய பொறியொன்றை விவரித்துள்ளார். வண்டிச் சக்கரத்தின் விட்டம் 4 அடி என்பதே பெரும்பாலான மொழிபெயர்ப்புகளிற் காணும் அளவு. ஒரு சுற்றுக்கு 12½ அடி. 400 சுற்றுக்கு 5,000 அடி. அதுவே ஒரு ரோமானிய மைல். அச்சோடு சுழலும் ஒரு பல், நானூறு பற்களையுடைய வேறொரு சக்கரத்தைச் சுற்றுக்கு ஒரு பல்லாக நகர்த்தும். அது முழுதும் சுழன்றதும் மேலேயுள்ள தட்டு சிறிது திரும்ப, அதன் துளையிலிருந்து ஒரு கூழாங்கல் கீழேயுள்ள வெண்கலப் பாத்திரத்தில் ‘டங்’ என விழும். வண்டியிற் செல்வோன் உறங்கினாலும் மாலையிற் கற்களை எண்ணி, வந்த மைல்களை அறியலாம். இக்காலக் கருவியில் முன்னரே குறித்துவைத்த தூரம் வந்ததும் ‘கீச்’ என ஒலி எழுகிறதன்றோ? அவ்வொலி அக்கூழாங்கல்லின் வழித்தோன்றலே.

கணக்குக் கற்ற மாணாக்கர் ஈண்டு ஒரு குறையைக் கண்டிருப்பர். 4 அடி விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு 12½ அடியன்று, 12.566 அடி. ஒரு சுற்றில் இவ்வேறுபாடு முக்கால் அங்குலத்தளவே, கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் கல் விழும்போது வண்டி 5,000 அடியன்று, ஏறத்தாழ 5,026½ அடி சென்றிருக்கும். நூறு மைலில் அரை மைல் பிழை! உருட்டுமுறையின் இயல்பே இதில் அடங்கியுள்ளது. நாடாவில் முனையைத் தவறாக வைத்தால் பிழை ஒருமுறையே நிகழும். சக்கரத்தின் சுற்றளவில் மயிரிழைப் பிழையிருப்பினும் அது ஒவ்வொரு சுற்றிலும் மீண்டும் மீண்டும் பிறந்து, தூரத்தோடு தானும் வளரும்.

இங்கிலாந்தில் ஜான் ஓகில்பி என்பார் 1675ஆம் ஆண்டு வெளியிட்ட சாலைப் படங்களுக்கும் சக்கரத்தாலேயே வழிகள் அளக்கப்பட்டன. பிற்காலத்து ஆங்கிலச் சக்கரங்கள் பலவற்றின் சுற்றளவு 8 அடி 3 அங்குலம். விசித்திரமான எண்ணாகத் தோன்றினும், அப்படி 640 சுற்றுச் சுற்றினால் மிச்சமின்றி ஒரு மைல் வரும் என்பதே அதன் காரணம். இக்கருவியே ‘பெராம்புலேட்டர்’ என்னும் பெயருடன் கும்பினியார் காலத்தில் நம் நாட்டு வழிகளை அளக்கவும் பயன்பட்டது. குழந்தைகளை வைத்துத் தள்ளும் வண்டிக்கு அப்பெயர் வந்தது பின்னரே.

இனித் தச்சரது சிறு கருவியின் உள்ளே நுழைவோம். சக்கரத்தின் அச்சில் ஒரு மெல்லிய தட்டு உண்டு. அதன் விளிம்பில் சீப்புப் பற்கள்போல இடைவெளிகள் வெட்டப்பட்டிருக்கும். ஒரு பக்கம் ஒளியுமிழும் சிறு விளக்கு. மறுபக்கம் ஒளியை உணரும் பொருள். தட்டுச் சுழலச் சுழல ஒளி விட்டுவிட்டுப் பாயும். ஒவ்வொரு பாய்ச்சலும் ஒரு மின் துடிப்பாகும். சில கருவிகளில் ஒளிக்கு மாறாகக் காந்தத்தைப் பயன்படுத்துவர், தத்துவம் ஒன்றே. சக்கரத்தின் சுற்றளவு 100 மில்லிமீட்டர், தட்டில் இடைவெளி 100 எனக் கொண்டால் துடிப்பொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் ஆயிற்று. முன்னோக்கி உருட்டினால் கூட்டவும் பின்னோக்கி உருட்டினால் கழிக்கவும் வேண்டுமே, கருவி திசையை எங்ஙனம் அறியும்? இதன் பொருட்டு உணர்வான்கள் இரண்டனை, ஓர் இடைவெளியின் காற்பங்கு முன்பின்னாக அமைப்பர். இடப்பக்கத்தது முன்னர்த் துடித்தால் ஒரு திசை; வலப்பக்கத்தது முன்னர்த் துடித்தால் மறுதிசை. இரண்டின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் தனித்தனியே எண்ணினால் மில்லிமீட்டரின் நாலிலொரு பங்கையும் பிரித்தறியலாம். இவ்வளவு எளிய உபாயம் இவ்வளவு பயன் தருவது வியப்பே.

எண்ணியதைப் பெருக்கி அங்குலமாகவோ மீட்டராகவோ காட்டுவதும், கட்டடப் படத்தின் அளவுத்திட்டத்தைச் சொல்லிவிட்டால் தாளில் உருட்டிய தூரத்தை நிலத்துத் தூரமாக மாற்றித் தருவதும், குறித்த தூரம் வந்ததும் ஒலியெழுப்பிப் பென்சிலால் அடையாளமிடச் செய்வதும் உள்ளிருக்கும் சில்லின் வேலை. இவ்வேலையில் அது தவறுவது அரிது. தச்சர் சொன்ன மெய் இதுவே.

ஆனால் அச்சில், சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்பதை மட்டுமே அறியும். ரப்பர் விளிம்பு தேய்ந்ததை அறியாது. நாம் கூறிய 100 மில்லிமீட்டர்ச் சக்கரத்தின் விளிம்பு சுற்றிலும் ஒரு மில்லிமீட்டரின் பத்திலொரு பங்கு தேய்ந்தால், அதாவது தடித்த தாள் ஒன்றின் கனத்தளவு குறைந்தால், சுற்றளவு 0.63 மில்லிமீட்டர் குறையும். அந்நிலையில் 10 மீட்டர் நீளத்தை அளந்தால் கருவி 10 மீட்டர் 63 மில்லிமீட்டர் எனக் காட்டும். மில்லிமீட்டரை எண்ணும் கருவி, மூன்று விரற்கடைக்கு மேல் தவறியும் தன் எண்ணைத் தயங்காது ஒளிரச்செய்து நிற்கும்! நுட்பமாகப் பிரித்துக் காட்டுதல் வேறு, உண்மையோடு ஒத்தல் வேறு. நெடுங்கைச் சக்கரத்தில் ஈரமண் ஒட்டிக்கொண்டால் இதற்கு மறுதலையாகச் சுற்றளவு பெருகி, காட்டும் தூரம் குறையும்.

மூலைகளும் அவ்வாறே. அறையின் உள்மூலைக்குள் சக்கரம் புகாது. ஒரு சுவரில் மூலைக்குத் தன் ஆரத்தளவு முன்னரே மறுசுவரில் முட்டிக்கொள்ளும். அப்படியே திருப்பி மறுசுவரில் உருட்டினால் அங்கும் ஆரத்தளவு விடுபடும். ஆக மூலைதோறும் ஒரு விட்டம் கணக்கில் வராது. நான்கு மூலையுள்ள அறையைச் சுற்றிப் பலகை அடிக்க முற்படும் இளந்தச்சர், பலகை ஏறக்குறைய ஒரு சாண் போதாமற் போனதேன் எனத் திகைக்கவேண்டியதில்லை. சாண் என்றது பெரிய சக்கரத்துக்கு. நம் சிறு சக்கரத்துக்கு நான்கு மூலையிலும் சேர்த்து 127 மில்லிமீட்டர்.

கடற்கரையில் எமக்கு நேர்ந்ததற்கு இவையல்லாத வேறு காரணங்கள் உண்டு. தள்ளிச் சென்ற மாணாக்கர் நேரே நடந்ததாகவே எண்ணினார். மணலிற் பதிந்த தடத்தைப் பார்த்தபோது அது பாம்பு சென்ற வழிபோல் வளைந்திருந்தது. ஒரு மீட்டர் முன்செல்லுகையில் ஒரு சாண், அதாவது 20 சென்டிமீட்டர், பக்கத்தே விலகுவதும் அடுத்த மீட்டரில் மீள்வதுமாக ஒருவர் நடந்தால், பித்தாகரஸ் தேற்றத்தின்படி அவர் செல்லும் வழி நேர்வழியினும் நூற்றுக்கு இரண்டு பங்கு மிகும். 200 மீட்டர் 204 ஆய்விடும். மேடு பள்ளமும் வழியை நீட்டும். ஆயினும் சரிவைப் பற்றி மாணாக்கர் அஞ்சுமளவு அச்சம் வேண்டா: பத்தடிக்கு ஓரடி ஏறும் சரிவிலும் பிழை நூற்றுக்கு அரையே.

மீண்டு வருகையில் எண் குறைந்தது வழுக்கலால். காய்ந்த பொடிமணலில் சக்கரம் உருளாமலே சிறிது தூரம் இழுபட்டது. சில்லுக்குச் சுழற்சியில்லையேல் தூரமில்லை. ஆகவே மணலில் இரு பிழைகள் எதிரெதிரே இழுத்தன: வளைவு மிகுத்தது, வழுக்கல் குறைத்தது. இரண்டும் ஒன்றையொன்று சரிசெய்து ஒருகால் 200 என்றே காட்டியிருக்கவும் கூடும். அங்ஙனம் காட்டியிருந்தால் யாம் கருவியைப் புகழ்ந்துவிட்டு ஒன்றும் கற்காமல் ஊர் திரும்பியிருப்போம்.

இவ்வுண்மை தெரிந்தமையாலேயே நிலத்தைப் பிழையற அளக்க விரும்பினோர் சக்கரத்தை நாடவில்லை. சோழர் காலத்துக் கல்வெட்டுகளிற் காணும் 16 சாண் கோல் கிடத்திக் கிடத்தி அளப்பது. கோலின் நீளத்தைக் கோயிற் சுவரிலேயே வெட்டிவைக்கும் வழக்கமும் இருந்தது. ஐயம் எழுந்தால் எவரும் சென்று கோலை ஒப்பிட்டுக்கொள்ளலாம். அளவுகருவியைப் பொதுவிடத்தில் நிலைநிறுத்திய அவ்வேற்பாட்டை எத்துணைப் புகழினும் தகும்.

1802ஆம் ஆண்டு ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலையருகே ஏறத்தாழ 7½ மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கியபோது அவர் கையிலிருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. அதனைத் தரையிலிடாது மரத்தொட்டிகளில் நேராகக் கிடத்தி, வெப்பத்தால் எஃகு நீளுவதைக் கணக்கிட வெப்பமானியும் வைத்து, சுமார் 400 முறை அளந்தனர். அவரிடம் மற்றொரு சங்கிலியும் இருந்தது. அஃது அளப்பதற்கன்று, முதற் சங்கிலி நீண்டதா என ஒப்பிடுவதற்கு. அடிக்கோடு ஒன்று அமைந்தபின் தூரங்களை அளவாது கோணங்களை அளந்தே முக்கோணங்களைக் குமரிவரை கொண்டுசென்றார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றுகையில் அவரது பெரிய கோணமானி மோதிச் சிதைந்ததும், அவரே அதனைப் பல நாள் வருந்திச் செப்பனிட்டதும் பலரும் அறிந்த கதை. 1809இல் பாளையங்கோட்டைப் பக்கத்திலும் ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, முக்கோணங்களாற் கணக்கிட்ட நீளத்தோடு ஒப்புநோக்கினார். நம் ஜில்லாவின் பூகோளப் படத்துக்கு அடிப்படை அதுவே. அவர் சக்கரத்தை இகழ்ந்தாரல்லர். வழி தூரத்துக்கு அது போதும், உலகின் வடிவத்தை அறியப் போதாது என்று தெரிந்தவர்.

காயலின் புகழ் நிலத்தினும் கடலாலாயது. ஆகவே நீரில் உருளும் அளவுகோலையும் ஒரு சொல் சொல்லவேண்டும். பரங்கிமலையிற் சங்கிலி கிடந்த அதே 1802இல், எட்வர்ட் மாசி என்னும் ஆங்கிலேயர் கப்பலின் பின்னே கயிற்றில் இழுபட்டுச் சுழலும் தூரமானிக்கு உரிமை பெற்றார். நீரின் விசையால் அதன் இறக்கைகள் சுழல, முட்கள் மைல்களைக் காட்டும். இதிலும் அதே குணம்: கப்பல் நீரின்மேற் சென்ற தூரத்தையே அது காட்டும். நீரோட்டம் கப்பலையும் கருவியையும் ஒருங்கே சுமந்து சென்றால் அவ்வளவு தூரமும் அதற்குத் தெரியாது. முத்துக்குளித்துறையில் பார்களை நாடிய மாலுமிகள், கரையிலுள்ள கோபுரங்களையும் மரங்களையும் திசைகாட்டியால் நோக்கியும் நீரின் ஆழத்தைப் பாகக் கணக்கில் அறிந்தும் இடம் கண்டனர். நீரோட்டமுள்ள கடலில் அவர்கட்கு அது தக்க முறையே.

இனிக் கரையின் நீளம். தேசப்படத்தில் ஆறு, சாலை, கரை ஆகியவற்றின்மேல் உருட்டும் சிறு சக்கரங்கள் நெடுங்காலமாக உண்டு. தச்சரது கருவியைக் கொண்டும் அதனைச் செய்யலாம். தூத்துக்குடியினின்றும் திருச்செந்தூர் வரைக்கும் கரையோரக் கோட்டில் உருட்டிப் பாருங்கள். சிறிய படத்தில் கரை ஏறக்குறைய நேர்கோடு. பெரிய படத்திலோ தாமிரபரணி புன்னைக்காயலருகே கடலிற் கலக்கும் கழிமுகத்தின் கிளைகளும் வளைவுகளும் புலப்படும். சக்கரம் அவற்றிலெல்லாம் புகுந்து வெளிவர, நீளம் மிகும். இஃது ஏட்டுச் சுரைக்காயன்று. இந்தியாவின் கடற்கரை நீளம் 7,516.6 கிலோமீட்டர் என்று நாம் பள்ளியிற் படித்தோம். 2023-24ஆம் ஆண்டின் மத்திய உள்துறை அறிக்கை அதனை 11,098.81 கிலோமீட்டர் எனத் திருத்திற்று. தமிழ்நாட்டின் கரையும் 906.9 கிலோமீட்டரிலிருந்து 1,068.69 ஆயிற்று. கடல் நமக்குப் புதுக்கரை அளித்துவிடவில்லை. முன்னர் 1:45,00,000 அளவுப் படத்தில் அளந்தது, இப்போது 1:2,50,000 அளவுப் படத்தில் அளக்கப்பட்டது. இன்னும் நுணுகி அளந்தால் இன்னும் மிகும். கரையின் நீளம் இவ்வளவு என்று சொல்லுமுன் எவ்வளவு பெரிய சக்கரம் என்று சொல்லியாகவேண்டும்.

மேலும், இப்பகுதியிற் கரைதானும் ஓரிடத்தில் நில்லாதது. பண்டைத் துறைமுகமாகிய கொற்கை இன்று உள்நாட்டூர். ஆற்று வண்டலால் கடல் விலகியபின் துறை பழையகாயலுக்குப் பெயர்ந்தது என்றும், மார்க்கோ போலோ கூறிய காயில் அதுவே என்றும் கால்டுவெல் ஐயர் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் எழுதினார். கொற்கையினின்றும் கடலுக்கு எவ்வளவு தூரம் என்னும் வினாவுக்கு விடை காலந்தோறும் மாறி வந்துள்ளது.

இவையெல்லாம் கற்றோர் பொழுதுபோக்கென எண்ணற்க. கடலோர ஒழுங்குமுறை மண்டலம் பற்றிய 1991ஆம் ஆண்டு அறிவிக்கை, உயரலைக் கோட்டினின்றும் 500 மீட்டர் வரை கட்டுப்பாடு விதித்தது. ஊர்ப்புறக் கரைகளில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடம் கூடாதென்றது. 2019ஆம் ஆண்டு அறிவிக்கை, மக்கள் நெருங்கி வாழும் ஊர்ப்புறங்களில் இதனை 50 மீட்டராகக் குறைத்தது. ஏனைய ஊர்ப்புறங்களில் 200 மீட்டரே நின்றது. உயரலைக் கோட்டை வரையறுப்பது அதற்கென அமைந்த நிறுவனங்களின் வேலை. நம் சக்கரத்தின் எண் அங்கே செல்லாது. ஆயினும், வீடு கட்ட நினைக்கும் மீனவர் ஒருவர் கடன் வாங்குமுன், கல் இறக்குமுன், தாமே ஒருமுறை அளந்து பார்ப்பது இயல்பு. எங்கள் மாணாக்கர் தள்ளியது போல் அவரும் தள்ளிச் சென்று 203 எனக் கண்டு அகமகிழ்ந்து அத்திவாரம் தோண்டினால், அவரது திண்ணை விலக்கப்பட்ட நிலத்தில் விழும். இரண்டு மூன்று மீட்டர் என்பது ஏழையின் வீட்டில் ஓர் அறை.

ஆதலின் அளக்குமுன் கருவியை அளத்தல் வேண்டும். எந்தத் தரையில் அளக்கப் போகிறோமோ அதே தரையில் 20 மீட்டர் தூரத்தை நல்ல எஃகு நாடாவால் அளந்து இரு முளை அடித்து, கயிறு கட்டி, அக்கயிற்றை ஒட்டிச் சக்கரத்தைப் போகவும் வரவும் மும்மூன்று முறை உருட்டுக. ஆறு எண்களின் சராசரியால் 20ஐ வகுத்து வரும் எண்ணே அத்தரைக்குரிய திருத்தம். பின்னர்க் காணும் எண்களையெல்லாம் அதனாற் பெருக்குக. ஆறு எண்களும் தம்முள் மிக வேறுபட்டால் அத்தரை சக்கரத்துக்கு உரியதன்று, நாடாவை எடுக்கவேண்டியதே. சிமெண்டுத் தரையிற் கண்ட திருத்தம் மணலுக்குப் பொருந்தாது. சென்ற ஆண்டுத் திருத்தம் தேய்ந்த விளிம்புக்குப் பொருந்தாது.

எங்கே சக்கரத்தை விரும்பி எடுக்கலாம் என்பதும் இதனாலேயே தெளிவாகும். அது வழியை அளப்பது. இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட நேர்தூரத்தை அளப்பதன்று. காயல்பட்டினத்தில் பெண்டிர் வீட்டுக்கு வீடு சென்றுவரும் ஒடுங்கிய முடுக்குகளில் வளைந்து செல்லும் தண்ணீர்க் குழாய்க்கு எவ்வளவு நீளம் வேண்டும்? வலையின் மேற்கயிறு எவ்வளவு? வளைந்த மேசை விளிம்புக்கு எவ்வளவு சரிகை? இவற்றில் நாம் கேட்பது வழியையே. நேர்கோட்டில் ஒளிபாய்ச்சித் தூரம் காட்டும் லேசர்க் கருவி இங்கே பயன்படாது. எல்லைக்கல்லுக்கும் எல்லைக்கல்லுக்கும் இடையிலோ லேசரும் நாடாவுமே உரியன.

நண்பர் இல்லத்துக்கு மீண்டபோது தச்சர் பித்தளைப் பட்டையை வெட்டிக்கொண்டிருந்தார். கடற்கரையில் நிகழ்ந்ததைச் சொன்னோம். அவர் சிறிது நேரம் தம் கருவியின் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பெட்டியிலிருந்த எஃகு அளவுகோலை மேசைமேல் வைத்து, அதன் விளிம்பில் சுழியினின்றும் 300 மில்லிமீட்டர்வரை உருட்டினார். சாளரத்தில் 301 என்று வந்தது. அவர் ஒன்றும் பேசாது பென்சிலை எடுத்து, கருவியின் முதுகில் ‘300க்கு 1 கழி’ என்று எழுதிக்கொண்டு, பட்டையில் முன்னர்க் கிழித்திருந்த கோட்டை அழித்து மூன்று மில்லிமீட்டர் உள்ளே தள்ளிக் கிழித்தார்.